இருண்ட ஆற்றல்: ஒரு நூற்றாண்டின் வரலாறும் நமக்கான பாடமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

பகலில் கல்லூரியில் இயற்பியல் பயின்று, மாலையில் நம் மத்ரஸாவுக்கு ஓதவரும் மாணவர் ஒருவர், அஸர் தொழுகைக்குப் பின் தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். அதில் இரண்டு செய்திகள் இருந்தன. முதலாவது வாட்ஸ்அப்பில் பலரும் பகிர்ந்துவரும் செய்தி. 'இருண்ட ஆற்றல்' என்று இன்றைய அறிவியல் கூறுவதைத் திருக்குர்ஆன் 1400 ஆண்டுகளுக்கு முன்பே அத்தாரியாத் அத்தியாயத்தின் 47ஆம் வசனத்தில் அறிவித்துவிட்டது என்பது அதன் சாரம். இரண்டாவது ஓர் அறிவியல் செய்தி. இருண்ட ஆற்றல் மாறாத ஒன்றன்று, காலப்போக்கில் வலுக்குன்றி வரக்கூடும் என்று புதிய அளவீடுகள் ஐயம் எழுப்பியுள்ளன என்பது அது.

"ஹஸ்ரத், நாளைக்கு இந்த இரண்டாவது செய்தி உறுதியாகிவிட்டால், அந்த வசனத்தின் பொருளை நாம் மாற்றிச் சொல்வோமா?" என்று அவர் கேட்டார்.

நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. ஏனெனில், சில ஆண்டுகளுக்கு முன் ஜும்ஆ மேடையில் நின்று, ஏறத்தாழ அந்த முதற்செய்தியையே நாமும் பயானாகச் சொல்லியிருந்தோம். அன்று சிறுவராக முன்வரிசையில் அமர்ந்து அதைக் கேட்டவர்களுள் இம்மாணவரும் ஒருவர். அவர் கேள்வியில் ஏளனம் இல்லை. உண்மையான கவலை இருந்தது. ஆகவே, முதலில் இருண்ட ஆற்றல் என்னும் கருத்து எவ்வாறு தோன்றியது, எவ்வாறு கைவிடப்பட்டது, எவ்வாறு மீண்டது என்பதைக் கற்றறிவது நம் கடமை என உணர்ந்தோம். கற்றவற்றை இங்கே வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கின்றோம்.

அஸ்ஸூஃபி கண்ட சிறு மேகம்

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் இஸ்ஃபஹானில் பணியாற்றிய அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்னும் வானியல் அறிஞர், 964ஆம் ஆண்டளவில் நிலையான விண்மீன்களைப் பற்றிய அரபு நூல் ஒன்றை எழுதினார். ஆண்ட்ரோமீடா விண்மீன் கூட்டத்தில் ஒரு 'சிறு மேகம்' தென்படுவதாக அந்நூலில் குறித்துவைத்தார். தொலைநோக்கி இல்லாத காலத்தில், கண்டதைக் கண்டவாறு அவர் எழுதிவைத்த அக்குறிப்பே, அப்பொருளைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பதிவு.

அம்மேகம் என்ன என்பது தெரியவர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள லோவெல் ஆய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் என்பவர், 1912இல் அம்மேகத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்தார். ஒரு பொருள் நம்மை நெருங்கும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலத்தை நோக்கியும், விலகும்போது சிவப்பை நோக்கியும் நகரும். ஆண்ட்ரோமீடா நொடிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்குவதாக அவர் கண்டார். ஆனால் 1917க்குள் அவர் ஆராய்ந்த 25 மேகங்களுள் பெரும்பாலானவை நம்மை விட்டு விலகிச் சென்றுகொண்டிருந்தன. சிலவற்றின் வேகம் நொடிக்கு 1000 கிலோமீட்டரைத் தாண்டியது. காரணம் எவருக்கும் விளங்கவில்லை.

அவற்றின் தொலைவை அளக்கும் கோலை அளித்தவர் ஹென்ரியெட்டா லெவிட் என்னும் பெண்மணி. ஹார்வர்டு ஆய்வகத்தின் புகைப்படத் தகடுகளை ஆராய்ந்த அவர், செஃபீடு எனப்படும் ஒருவகை விண்மீன்கள் ஒளி கூடிக் குறையும் கால அளவுக்கும் அவற்றின் உண்மையான ஒளிர்வுக்கும் இடையே ஓர் ஒழுங்கு இருப்பதை 1912இல் நிறுவினார். உண்மையான ஒளிர்வு தெரிந்துவிட்டால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக்கொண்டு தொலைவைக் கணித்துவிடலாம். எட்வின் ஹபிள் 1923இல் ஆண்ட்ரோமீடாவில் அத்தகைய விண்மீன் ஒன்றைக் கண்டார். அஸ்ஸூஃபியின் சிறு மேகம், நம் பால்வெளிக்கு அப்பால் உள்ள மற்றொரு விண்மீன் மண்டலம் என்பது தெளிவாயிற்று. அதன் தொலைவு ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகள் என்று இன்று அறிகின்றோம்.

பின்னர் 1929இல், 24 விண்மீன் மண்டலங்களின் தொலைவையும் வேகத்தையும் ஒப்பிட்டு, தொலைவு கூடக்கூட விலகும் வேகமும் கூடுகிறது என்று ஹபிள் அறிவித்தார். ஆண்ட்ரோமீடாவைப் போன்ற அண்டை மண்டலங்களை ஈர்ப்பு நம்மோடு பிணைத்துவைத்துள்ளது. ஆனால் பெருந்தொலைவுகளில் நோக்கினால், பேரண்டம் விரிவடைந்துகொண்டிருக்கிறது.

சேர்க்கப்பட்டு நீக்கப்பட்ட ஒரு மாறிலி

இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே ஐன்ஸ்டைன் ஒரு சிக்கலைச் சந்தித்திருந்தார். தம் பொதுச் சார்பியல் கோட்பாட்டை 1915இல் நிறைவுசெய்த அவர், 1917இல் அதைப் பேரண்டம் முழுமைக்கும் பொருத்திப் பார்த்தார். பேரண்டம் அசைவற்று நிலையாக இருக்கிறது என்பதே அக்காலத்துப் பொது நம்பிக்கை. ஆனால் சமன்பாடுகள் அதற்கு இடந்தரவில்லை. பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்தால், அனைத்தும் என்றோ ஒருநாள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்துவிட வேண்டும். அச்சரிவைத் தடுக்க, ஈர்ப்புக்கு எதிராக விலக்கும் தன்மையுள்ள ஒரு மாறிலியை அவர் சமன்பாட்டில் சேர்த்தார். 'லாம்டா' என்னும் கிரேக்க எழுத்தால் அது குறிக்கப்பட்டது. 'அண்டவியல் மாறிலி' என்று அதை அழைக்கின்றனர்.

உருசியாவின் அலெக்சாண்டர் ஃப்ரீட்மன் 1922இல், அதே சமன்பாடுகளிலிருந்து விரியும் பேரண்டமும் சுருங்கும் பேரண்டமும் பிறக்கக்கூடும் என்று காட்டினார். அவர் கணக்கில் பிழை உள்ளதென ஐன்ஸ்டைன் முதலில் எழுதினார். மறு ஆண்டே, பிழை தம்முடையதே என ஏற்றுக்கொண்டார். பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியாரும் இயற்பியலாளருமான ஜார்ஜ் லெமெத்ர், 1927இல் விண்மீன் மண்டலங்களின் விலகலைப் பேரண்ட விரிவோடு இணைத்துக் காட்டினார். கணக்கு சரியே, ஆனால் அதன் இயற்பியல் ஏற்கத்தக்கதன்று என்பதே ஐன்ஸ்டைன் அவருக்கு நேரில் கூறிய கருத்து.

ஹபிளின் அளவீடுகள் வெளிவந்தபின் நிலைமை மாறிற்று. ஐன்ஸ்டைனின் நிலையான பேரண்டம் நுனியில் நிறுத்திய எழுதுகோலைப் போன்றது, சிறு அசைவு நேர்ந்தாலும் விரியவோ சுருங்கவோ தொடங்கிவிடும் என்று ஆர்தர் எடிங்டன் 1930இல் நிறுவினார். அடுத்த ஆண்டு ஐன்ஸ்டைன் அம்மாறிலியைக் கைவிட்டார். அதைத் தம் வாழ்வின் மிகப் பெரும் தவறு என அவர் கூறியதாக ஜார்ஜ் காமோவ் பிற்காலத்தில் எழுதினார். அவ்வாறு அவர் உண்மையில் கூறினாரா என்பது இன்றும் வரலாற்றாசிரியர்களிடையே விவாதத்துக்குரியது.

லெமெத்ர் மட்டும் அதைக் கைவிட மனமில்லாதவராக இருந்தார். வெற்றிடத்துக்கே ஓர் ஆற்றல் அடர்த்தியும் எதிர்மறை அழுத்தமும் இருப்பதாக அம்மாறிலியைப் பொருள்கொள்ளலாம் என்று 1934இல் அவர் எழுதினார். இன்று இருண்ட ஆற்றலைப் பற்றி அறிஞர் கூறும் முதல் விளக்கம் அதுவே. ஆயினும் அன்று அதைப் பொருட்படுத்தியவர் வெகு சிலர்.

1998: எதிர்பாராத விடை

பேரண்டம் விரிகிறது, பொருள்களின் ஈர்ப்பு அவ்விரிவை மெல்ல மெல்லத் தடுத்துவர வேண்டும். ஆகவே விரிவின் வேகம் எவ்வளவு குறைந்துள்ளது என்பதே பல பத்தாண்டுகள் அறிஞர் கேட்ட கேள்வி. அதை அளக்க, மிகத் தொலைவிலும் தெரியக்கூடிய, உண்மையான ஒளிர்வு அறியப்பட்ட விளக்குகள் தேவைப்பட்டன. அவ்விளக்குகளாக அமைந்தவை 'ஒன்று-ஏ' வகைச் சூப்பர்நோவாக்கள்.

இவ்விடத்தில் ஒரு தமிழரின் பெயரைக் குறிப்பிடுவது பொருத்தம். லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் தம் 19ஆம் வயதில் இங்கிலாந்து செல்லும் கப்பலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய 'வெண்குள்ளன்' எனப்படும் விண்மீன், ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் தன்னைத் தாங்கி நிற்க முடியாது என்பது அதன் முடிவு. சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது அவ்வரம்பு. அருகிலுள்ள துணை விண்மீனிடமிருந்து பொருளைப் பெற்று அவ்வரம்பை நெருங்கும் வெண்குள்ளன் வெடித்துச் சிதறுகையில், ஒரு விண்மீன் மண்டலம் முழுமைக்கும் ஈடான ஒளியைச் சில வாரங்கள் உமிழக்கூடும். இவ்வெடிப்புகள் ஏறத்தாழ ஒரே அளவினவாக இருப்பதற்கு அவ்வரம்பு ஒரு காரணம். அவற்றுக்கிடையிலும் சிறு வேறுபாடுகள் உண்டு. ஒளி மிக்கவை மெதுவாக மங்கும் என்னும் ஒழுங்கை மார்க் பிலிப்ஸ் 1993இல் வெளியிட்ட பின், அவ்வேறுபாட்டையும் திருத்திக்கொள்ள வழி பிறந்தது.

இரண்டு குழுக்கள் போட்டியிட்டு இப்பணியில் இறங்கின. ஒன்று, கலிபோர்னியாவின் பெர்க்லியில் சால் பெர்ல்மட்டர் தலைமையில் இயங்கியது. மற்றொன்றின் தலைவர் ஆஸ்திரேலியாவிலிருந்து பணியாற்றிய பிரையன் ஷ்மிட். அதன் பகுப்பாய்வை முன்னின்று செய்தவர் ஆடம் ரீஸ். தொலைவிலுள்ள சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தெரிந்தன. அதாவது, அவை இருக்க வேண்டிய தொலைவைவிட இன்னும் அப்பால் இருந்தன. விரிவின் வேகம் குறையவில்லை; கூடிக்கொண்டிருந்தது.

அவர்கள் இம்முடிவை உடனே நம்பிவிடவில்லை. இடையிலுள்ள தூசு ஒளியை மறைக்கிறதோ, பழங்காலச் சூப்பர்நோவாக்கள் வேறு இயல்புடையனவோ, கணக்கில் பிழையோ என்று தம் முடிவுக்கு எதிராகத் தாமே வழக்காடினர். ஷ்மிட், ரீஸ் ஆகியோரின் குழு 1998இலும், 42 சூப்பர்நோவாக்களை ஆராய்ந்த பெர்ல்மட்டரின் குழு 1999இலும் தத்தம் கட்டுரைகளை வெளியிட்டன. போட்டியாளர் இருவரும் ஒரே முடிவை எட்டியிருந்தனர். மைக்கேல் டர்னர் என்னும் இயற்பியலாளர் 1998இல் இதற்கு 'இருண்ட ஆற்றல்' என்று பெயரிட்டார். பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவரும் 2011இல் நோபல் பரிசு பெற்றனர்.

பின்னர் முற்றிலும் வேறு வழிகளும் இதே திசையைக் காட்டின. பேரண்டத்தின் இளமைக்கால ஒளி, இன்று வானெங்கும் நுண்ணலையாகப் பரவியுள்ளது. அதை ஐரோப்பாவின் 'பிளாங்க்' விண்கலம் அளந்து தந்த கணக்கை 2013இல் வெளியிட்டனர். அதன்படி பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள். அதன் உள்ளடக்கத்தில் 68 விழுக்காடு இருண்ட ஆற்றல், 27 விழுக்காடு இருண்ட பருப்பொருள். விண்மீன்களும் கோள்களும் கடலும் மலையும் நம் உடல்களும் ஆக்கப்பட்டுள்ள பொருள் 5 விழுக்காடு மட்டுமே.

அதன் இயல்பு என்ன?

'இருண்ட' என்னும் சொல் கருமையைக் குறிப்பதன்று. அது என்னவென்று நமக்குத் தெரியவில்லை என்பதையே குறிக்கிறது. அதன் நடத்தையை மட்டும் ஓரளவு அறிவோம்.

ரமளானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும்போது, எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் மிகுந்துவிட்டால் அண்டாவில் தண்ணீரைச் சேர்ப்பார்கள். கஞ்சியின் அளவு கூடும், ஆனால் நீர்த்துப்போகும். பேரண்டம் விரியும்போது பொருளுக்கு நேர்வதும் இதுவே. விண்வெளி பெருகப் பெருகப் பொருளின் அடர்த்தி குறைகிறது. இருண்ட ஆற்றலோ, அண்டா எவ்வளவு பெரிதானாலும் நீர்த்துப்போகாத கஞ்சியைப் போன்றது. புதிதாகத் தோன்றும் ஒவ்வோர் இடத்திலும் அதே அடர்த்தியுடன் அது இருக்கிறது என்பதே இதுவரையிலான பெரும்பாலான அளவீடுகளோடு பொருந்திவரும் விளக்கம். அந்த அடர்த்தி மிகச் சிறியது. ஒரு கன மீட்டர் இடத்தில், மூன்று அல்லது நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறைக்கு ஈடான அளவே உள்ளது. ஆனால் விண்வெளி பரந்தது. ஆகவே மொத்தத்தில் அது அனைத்தையும் விஞ்சுகிறது. தொடக்கத்தில் பொருளின் ஈர்ப்பே ஓங்கியிருந்தது. ஏறத்தாழ 500 முதல் 600 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே இருண்ட ஆற்றலின் விலக்கம் மேலோங்கி, விரிவு முடுக்கம் பெற்றது.

ஓர் ஆற்றல் எவ்வாறு விலக்கும் தன்மை பெறும்? நியூட்டனின் கோட்பாட்டில் நிறை மட்டுமே ஈர்ப்பைத் தரும். ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் அழுத்தத்துக்கும் அதில் பங்குண்டு. விரிந்தாலும் அடர்த்தி குறையாத ஒன்றுக்கு எதிர்மறை அழுத்தம் இருந்தாக வேண்டும். அந்த எதிர்மறை அழுத்தம் போதிய அளவு வலிதாயின், விளைவு ஈர்ப்பாக இல்லாமல் விலக்கமாக அமையும்.

அதன் தோற்றுவாய் எது என்பதில் மூன்று கருத்துகள் உள்ளன. முதலாவது, அது வெற்றிடத்தின் ஆற்றல் என்பது. குவாண்டம் இயற்பியலின்படி வெற்றிடம் உண்மையில் வெறுமையன்று. ஆனால் அக்கோட்பாட்டைக்கொண்டு நேரடியாக மதிப்பிட்டால் கிடைக்கும் அளவு, வானில் காணும் அளவைவிட, ஒன்றுக்குப் பின் ஏறத்தாழ 120 சுழியங்கள் இட்ட எண்ணின் மடங்காகப் பெரிதாக உள்ளது. கணிப்பும் காட்சியும் இவ்வளவு தொலைவு விலகி நிற்கும் இடம் இயற்பியலில் வேறில்லை என்பர்.

இரண்டாவது, காலத்தோடு மெல்ல மாறும் ஒரு புலம் விண்வெளியெங்கும் நிறைந்துள்ளது என்பது. மூன்றாவது, இருண்ட ஆற்றல் என ஒன்றில்லை, மிகப் பெருந்தொலைவில் ஈர்ப்பு விதியே வேறாகச் செயற்படுகிறது என்பது. இம்மூன்றாம் வகைக் கோட்பாடுகள் பலவற்றுக்கு 2017 ஆகஸ்டில் ஓர் அடி விழுந்தது. இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதால் எழுந்த ஈர்ப்பலையும் காமாக் கதிரும், ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுகள் பயணம்செய்து, இரண்டே நொடிக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூமியை அடைந்தன. ஈர்ப்பலையின் வேகம் ஒளியின் வேகத்தினின்றும் வேறுபடும் என்று கூறிய கோட்பாடுகள் அதனால் கைவிடப்பட்டன.

மீண்டும் ஓர் ஐயம்

மாணவரின் கைப்பேசியிலிருந்த இரண்டாம் செய்தி, அரிசோனாவின் கிட் பீக் மலையிலுள்ள 4 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட 'டெசி' என்னும் கருவியைப் பற்றியது. 5,000 ஒளியிழைகளைத் தானியங்கியாக நகர்த்தி, ஒரே நேரத்தில் அத்தனை விண்மீன் மண்டலங்களின் ஒளியைப் பிரித்து ஆராயும் கருவி அது. 2024 ஏப்ரலில் அதன் முதல் முடிவுகளும், 2025 மார்ச்சில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி விண்மீன் மண்டலங்களையும் குவாசர்களையும் கொண்ட அடுத்த முடிவுகளும் வெளிவந்தன. அவற்றை நுண்ணலை ஒளியின் அளவீடுகளோடும் சூப்பர்நோவா அளவீடுகளோடும் சேர்த்து நோக்கினால், இருண்ட ஆற்றல் மாறாத ஒன்று என்பதைவிட, மாறிவரும் ஒன்று என்னும் கருத்தே கூடுதலாகப் பொருந்துகிறது. எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, அதன் உறுதி 2.8 முதல் 4.2 சிக்மா வரை அமைகிறது. ஒரு கண்டுபிடிப்பை உறுதி என ஏற்க இயற்பியலாளர் கேட்பது 5 சிக்மா. ஆகவே அவர்கள் இதை நிறுவப்பட்டது என்று கூறவில்லை. குறிப்பு என்றே கூறுகின்றனர்.

ஒரு நூற்றாண்டின் கதை இதுதான். 1917இல் சேர்க்கப்பட்டது 1931இல் நீக்கப்பட்டது, 1998இல் மீண்டது, இன்று அதன் மாறாத்தன்மையே வினாவுக்குள்ளாகியிருக்கிறது. இது அறிவியலுக்குக் குறையன்று. சான்றின் முன் தன் கூற்றைத் திருத்திக்கொள்வதே அதன் வழி. கேள்வி நம்மைப் பற்றியது. இவ்வாறு நகர்ந்துகொண்டே இருக்கும் ஒன்றோடு இறைவசனத்தைக் கட்டிவைக்க நமக்கு யார் உரிமை தந்தது?

ஒரு பாதிரியாரின் எச்சரிக்கை

இக்கேள்வியை நமக்கு முன் சந்தித்தவர் மேலே கண்ட லெமெத்ர். போப் பன்னிரண்டாம் பயஸ், 1951 நவம்பரில் ஆற்றிய உரையில், பேரண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்னும் புதிய அறிவியலைப் படைப்புக் கொள்கைக்குச் சான்றாகக் காட்டிப் பேசினார். அக்கோட்பாட்டின் தந்தையாகிய லெமெத்ர், தம் சமயத் தலைவரே தம் ஆய்வைப் போற்றியதற்காக மகிழவில்லை, கவலையுற்றார். தம் கோட்பாடு ஒரு கருதுகோள், நாளை அது மாறலாம், அதன்மேல் நம்பிக்கையை நிறுத்தக் கூடாது என்பது அவர் நிலை. வத்திக்கானில் உரியவர்களிடம் அதை எடுத்துரைத்தார். மறு ஆண்டு வானியலாளர் மாநாட்டில் உரையாற்றியபோது போப் அவ்வாதத்தை மீண்டும் கூறவில்லை. தம் மார்க்கத்தின் மீது பற்றில்லாததால் லெமெத்ர் இதைச் செய்யவில்லை. பற்று இருந்ததால் செய்தார்.

வசனம் கூறுவது என்ன?

இனி அத்தாரியாத் அத்தியாயத்தின் 47ஆம் வசனத்துக்கு வருவோம். வாட்ஸ்அப் செய்தி அதன் இரண்டு சொற்களைப் பற்றிக்கொள்கிறது. முதற்சொல் 'அய்த்'. அதை 'எனர்ஜி' என்று அச்செய்தி மொழிபெயர்க்கிறது. அரபியில் அதன் பொருள் வலிமை. ஸாத் அத்தியாயத்தின் 17ஆம் வசனத்தில் தாவூத் (அலை) அவர்களை வலிமை மிக்கவர் எனக் குறிப்பிடுவதும் இதே சொல்லால்தான். அங்கே இயற்பியலின் ஆற்றலைப் பொருத்திப் பார்க்க எவரும் முனைவதில்லை.

இரண்டாம் சொல் 'மூஸிஊன்'. வாவ், ஸீன், அய்ன் என்னும் வேரெழுத்துகளிலிருந்து பிறந்த அது, விசாலம், வசதி, இயலுமை ஆகிய பொருள்களைத் தாங்கியது. மணவிலக்கு அளிக்கப்பட்ட பெண்ணுக்கு வழங்கவேண்டியதைப் பற்றிப் பேசும் அல்பகரா அத்தியாயத்தின் 236ஆம் வசனத்தில், வசதி படைத்தவரைக் குறிக்க இதே சொல்லின் ஒருமை வடிவம் வந்துள்ளது. ஆகவே, நம் வசனத்துக்கு விரிவுரை எழுதிய முன்னோர் பல பொருள்களைத் தந்தனர். ஆற்றலும் இயலுமையும் உடையவன் இறைவன் என்னும் பொருளை இமாம் தபரீ எடுத்துரைத்தார். வானத்தின் பரப்பை விசாலமாக்கினான் என்னும் பொருளை இப்னு கஸீர் கூறினார். மழையால் வாழ்வாதாரத்தை விசாலமாக்குபவன் என்று பொருள்கொண்டோரும் உண்டு. 'விரித்துக்கொண்டே இருக்கின்றோம்' என்னும் பொருள் மொழிக்குப் புறம்பானதன்று. ஆனால் அது பரவலானது, பேரண்டம் விரிகிறது என்று வானியலாளர் அறிவித்த பின்னரே. அதை ஒரு சாத்தியமாகக் கூறுவதில் தவறில்லை. அதுவே உறுதியான பொருள், மற்றவை அறியாமை என்று மேடையில் முழங்குவதும், அதன்மேல் இருண்ட ஆற்றலையும் ஏற்றிவைப்பதுமே தவறு. நாம் அன்று செய்தது அதுவே.

கிரகணத்தன்று பெருமானார் (ஸல்)

இதற்கு நமக்குள்ள தெளிவான வழிகாட்டல், பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இருக்கிறது. ஹிஜ்ரி 10இல் அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் (ரலி) குழந்தைப் பருவத்திலேயே காலமானார். அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தது. இப்ராஹீமின் மறைவுக்காகவே சூரியன் ஒளியிழந்தது என்று மக்கள் பேசிக்கொண்டனர். அன்பு மிகுதியால் பேசினர். மறுக்காமல் மௌனமாக இருந்திருந்தால், அந்நம்பிக்கை பலருடைய ஈமானை வலுப்படுத்தியது போலவும் தோன்றியிருக்கும். ஆனால், மகனைப் பறிகொடுத்த அந்தத் துயரத்திலும் பெருமானார் (ஸல்) அதை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். தொழுமாறும் பிரார்த்திக்குமாறும் ஏவினார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. மார்க்கத்துக்கு ஆதாயம் போலத் தோன்றிய, ஆனால் உண்மையல்லாத ஒன்றை, மார்க்கத்தின் தூதரே ஏற்கவில்லை.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) தம் தஹாஃபுத் நூலின் தொடக்கத்தில், கிரகணத்துக்கு வானியலாளர் கணக்கிட்டு நிறுவிய காரணத்தை, மார்க்கத்தைக் காப்பதாக எண்ணி மறுப்பவர், மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்னும் கருத்தை வலியுறுத்துகிறார். மறுப்பதில் உள்ள அதே தீங்கு, அவசரப்பட்டு உரிமை கொண்டாடுவதிலும் உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது, 32 கேள்விகளுக்கு 'லா அத்ரீ', அதாவது 'நான் அறியேன்' என்று விடையளித்ததாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதனால் அவர்களின் மதிப்பு குறைந்துவிடவில்லை. பேரண்டத்தில் 95 விழுக்காடு என்னவென்று அறியோம் என இன்றைய வானியலாளர் வெளிப்படையாகக் கூறுகின்றனர். இந்த ஒழுக்கம் நம் இமாம்கள் கற்பித்த ஒழுக்கமே. அதை நாம் மறந்திருந்தோம்.

ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 190, 191 ஆகிய வசனங்கள், நின்றும் இருந்தும் படுத்தும் இறைவனை நினைந்து, வானங்களும் பூமியும் படைக்கப்பட்டிருப்பதைச் சிந்திப்போரைப் புகழ்கின்றன. சிந்திக்குமாறு நாம் பணிக்கப்பட்டுள்ளோம். பிறர் உழைத்துக் கண்டுபிடித்தபின், அது எங்களிடம் முன்பே இருந்தது என்று கூறுமாறு பணிக்கப்படவில்லை. அஸ்ஸூஃபி வானை நோக்கினார், சிறு மேகத்தைக் கண்டார், எழுதிவைத்தார். அவர் வழி வந்தோம் என்று கூற நாம் விரும்பினால், நம் பிள்ளைகளை அந்த உழைப்புக்கு ஆயத்தப்படுத்துவோமாக.

மாணவருக்கு நாம் அளித்த விடை சுருக்கமானது: "வசனத்தின் பொருளை நாம் மாற்ற வேண்டியதில்லை. நாம் அதன்மேல் ஏற்றிய நம் சொந்தக் கருத்தைத்தான் திரும்பப் பெற வேண்டும். அது நம் பிழை, குர்ஆனுடையதன்று." அதற்கடுத்த ஜும்ஆவில், அதே மேடையில் நின்று, முன்பு கூறியதில் வரம்பு மீறிவிட்டோம் என்று ஜமாஅத்தாரிடம் அறிவித்தோம். அவ்வாறு கூறுவது எளிதாக இல்லை. ஆனால், தொழுகை முடிந்ததும் அம்மாணவர் ஸலாம் கூறி நம் கையைப் பற்றிக்கொண்ட விதத்தில், அதன் பயனைக் கண்டோம். அல்ஹம்துலில்லாஹ்.

நீ கற்பித்ததைத் தவிர எங்களுக்கு எந்த அறிவும் இல்லை என்று மலக்குகள் பணிந்து கூறியதைப் போல, நாமும் நம் அறியாமையை ஒப்புக்கொள்ளும் பணிவை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! பயனுள்ள கல்வியை நமக்கும் நம் மக்களுக்கும் பெருக்கியருள்வானாக! ஆமீன்.